ரங்கூனிலிருந்து காசிக்கு: திவோதாசன் கதை காட்டும் வழியில் கோயில் பார்ப்பது எப்படி

காசியில் கோயில்களை எண்ணிப் பார்க்கக் கிளம்பினால் எண்ணிக்கை மட்டும்தான் மிஞ்சும். சந்துக்குச் சந்து ஒரு லிங்கம், படித்துறைக்குப் படித்துறை ஒரு சந்நிதி. மூன்று நாளில் ஐம்பது இடம் கும்பிட்டு வந்தவரிடம் ஊர் திரும்பியதும் கேட்டால், விசுவநாதர், கங்கை ஆரத்தி, நெரிசல் என்று மூன்றோடு நிறுத்திவிடுவார். பர்மாவில் ரங்கூன், பெகு, மோல்மேன் தமிழரில் பெரும்பாலோர் ஆயுளில் ஒரு முறைதான் காசிக்குப் போகிறோம். அந்த ஒரு முறை மனத்தில் நிற்க வேண்டுமானால் கையில் ஒரு கதை வேண்டும். காசிக்கே உரிய கதை ஒன்று இருக்கிறது. எந்தக் கோயில் எதற்காக அந்த இடத்தில் இருக்கிறது என்று அது வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். அந்த வரிசையில் நடக்க மூன்று முழு நாள் போதும்.

கதை இதுதான். 60 ஆண்டு மழை பொய்த்து உலகம் வாடியபோது, ரிபுஞ்சயன் என்ற அரசனைக் காசியில் இருந்து ஆளும்படி பிரமன் கேட்டுக்கொண்டார். அவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: தேவர்கள் யாரும் பூமியில் இருக்கக் கூடாது. பிரமன் ஒப்புக்கொண்டார், சிவபெருமானும் காசியை விட்டு மந்தர மலைக்குப் போக வேண்டியதாயிற்று. திவோதாசன் என்று பெயர் பெற்ற அந்த அரசன் குறையே இல்லாமல் ஆண்டான். சிவனுக்கோ காசியைப் பிரிந்து இருப்புக் கொள்ளவில்லை. அரசனிடம் ஒரு குற்றமாவது கண்டுபிடித்து வாருங்கள் என்று முதலில் 64 யோகினியரை அனுப்பினார். அடுத்துச் சூரியன், பிறகு பிரமன், பிறகு சிவகணங்கள், பிறகு பிள்ளையார், கடைசியாகத் திருமால். போனவர்கள் யாரும் திரும்பவில்லை. ஊரின் அழகில் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் தங்கிய இடங்கள்தான் இன்று நாம் கும்பிடும் கோயில்கள். அதிவீரராம பாண்டியர் காசி காண்டத்தைத் தமிழிலேயே பாடி வைத்திருக்கிறார். குழுவாகப் போகிறவர்கள் கிளம்பும் முன் ஒரு மாலை உட்கார்ந்து கதையைப் படித்துவிடுங்கள்.

கிளம்பும் முன்

முதலில் மாதம். நமக்கு நீண்ட விடுமுறை கிடைப்பது பர்மியப் புத்தாண்டான திஞ்சானில்தான். ஆனால் சித்திரையில் காசி 40 டிகிரியைத் தொடும். கல் படியில் வெறுங்கால் வைக்க முடியாது. ஆடி, ஆவணியில் கங்கை பெருகிப் படித்துறைகள் மூழ்கிவிடும், படகையும் நிறுத்திவிடுவார்கள். மார்கழி, தை மாதங்களில் மூடுபனி. ரயில் ஐந்தாறு மணி நேரம் தாமதமாக வருவது சாதாரணம். ஐப்பசி, கார்த்திகையும், மாசியில் சிவராத்திரி தவிர்த்த நாள்களும் நல்லவை.

வழி இரண்டு. கல்கத்தாவில் இறங்கினால் ஹவுராவிலிருந்து இரவு கிளம்பும் விபூதி எக்ஸ்பிரஸ் மறுநாள் காலை காசியில் விடும். டில்லி போகும் வேகமான ரயில்கள் சில காசிக்குள் வராமல் முகல்சராயோடு போய்விடும். அந்த நிலையத்துக்கு 2018 முதல் தீன தயாள் உபாத்யாயா சந்திப்பு என்று பெயர். பழைய பெயரைச் சொல்லிப் பலகையைத் தேடினால் கிடைக்காது. அங்கே இறங்கினால் 16 கிலோமீட்டருக்கு மேல் ஆட்டோவில் வர வேண்டும். காசி ஊரிலும் வாராணசி சந்திப்பு, பனாரஸ், காசி என்று தனித்தனி நிலையங்கள் உண்டு. பனாரஸ் என்பது பழைய மண்டுவாடி. டிக்கெட்டில் எது அச்சாகியிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி கயை. குளிர்காலத்தில் புத்தகயை யாத்திரைக்காக ரங்கூனிலிருந்து நேரே கயைக்கு விமானம் விடுவது வழக்கம். நாளும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இந்த வழியில் ஒரு சபலம் உண்டு: இறங்கிய கையோடு கயா சிராத்தத்தை முடித்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். காசி முடித்துக் கயை என்பதுதான் வழக்கம். இறங்கியதும் ரயிலேறிக் காசிக்குப் போய், திரும்பி வந்து கயையில் ஒன்றரை நாள் தங்கிப் பிண்டம் போட்டுவிட்டு அங்கிருந்தே விமானம் ஏறுங்கள். வரிசையும் கெடாது, அலைச்சலும் குறையும்.

தங்கும் இடத்தில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். முகமும் பேச்சும் தமிழ், கையில் இருப்பதோ பர்மா பாஸ்போர்ட். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் சி படிவம் என்ற ஒன்றை அரசுக்குப் பதிய வேண்டும். அந்த வசதி இல்லாத தர்மசாலைகள் இடமிருந்தும் கதவடைத்துவிடும். முன்பதிவு செய்யும்போதே "வெளிநாட்டுப் பாஸ்போர்ட், சி படிவம் போடுவீர்களா?" என்று கேட்டு வாங்குங்கள். நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்திலும் அனுமான் படித்துறையைச் சுற்றியுள்ள தமிழர் விடுதிகளிலும் தமிழ்ச் சாப்பாடு கிடைக்கும். அங்கேயும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். பதிவு பாஸ்போர்ட்டில் உள்ள பர்மியப் பெயரில் இருக்கட்டும். வீட்டுத் தமிழ்ப் பெயரில் பதிந்துவிட்டு வாசலில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

பர்மாவின் கியாட் நோட்டை இந்தியாவில் மாற்ற முடியாது. டாலராகக் கொண்டுபோய் மாற்றி, 10, 20, 50 ரூபாய் நோட்டுகளாக நிறைய வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் 500 ரூபாய் போட்டுவிட்டுச் சில்லறை கேட்க முடியாது.

பெயர்த்தாள்

பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடி முக்கியமானது இந்த ஒரு தாள். சங்கல்பத்துக்கும் தர்ப்பணத்துக்கும் புரோகிதர் கேட்பவை: கோத்திரம், நட்சத்திரம், அப்பா வழியில் மூன்று தலைமுறை ஆண் பெண் பெயர்கள், அம்மா வழியிலும் அதேபோல் மூன்று தலைமுறை, இறந்த மாதம், பட்சம், திதி. படித்துறையில் நின்றுகொண்டு பாட்டியின் மாமியார் பெயரை யோசித்தால் வராது. வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

திதி தெரியாத வீடுகளுக்கு ஒரு வழி சொல்கிறோம். பல குடும்பங்களில் இறந்த நாள் பர்மியத் தேதியாகத்தான் நினைவில் இருக்கும். பர்மிய மாதமும் நிலவைக் கொண்டு கணக்கிடுவதுதான். லசான் 5 என்றால் வளர்பிறையில் ஐந்தாம் நாள், ஆக ஏறத்தாழப் பஞ்சமி. லப்யேஜோ 8 என்றால் பௌர்ணமி கழித்து எட்டாம் நாள், தேய்பிறை அஷ்டமியை ஒட்டி வரும். ஒரு நாள் முன்பின் இருக்கலாம் என்பதால் ஆண்டு தெரிந்தால் பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோத்திரம் மறந்துபோனவர்களுக்குக் காசியப கோத்திரம் என்று சொல்லிச் செய்வது நடைமுறையில் உள்ளது.

1942இல் ஜப்பான் படை வந்தபோது கால்நடையாக இந்தியா கிளம்பி, வழியில் போனவர்கள் நம் குடும்பங்களில் பலர். எந்த நாள், எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது. கொள்ளி வைக்கவும் ஆளில்லை. இப்படிப் போனவர்களுக்காகக் காசியில் பிசாசமோசன குண்டம் என்ற குளக்கரையில் திரிபிண்டி சிராத்தம் செய்வார்கள். நாள் தெரியாவிட்டாலும் பெயர் வேண்டும். பெயரும் தெரியாதவர்களை உறவு முறை சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம். இதற்கு அரை நாள் தனியாக ஒதுக்குங்கள். கோயில் பார்க்கும் நாளோடு சேர்த்தால் இரண்டும் அரைகுறையாகிவிடும்.

போய் இறங்கிய மாலை

காசியின் காவல்காரர் காலபைரவர். பிரமனின் ஐந்தாம் தலையைக் கிள்ளிய பாவத்தால் கபாலம் கையோடு ஒட்டிக்கொள்ள, எங்கும் விழாத அது காசிக்கு வந்ததும் விழுந்தது. அதுமுதல் ஊர்க்காவல் அவருடையது. அவரிடம் வந்ததைச் சொல்லிவிட்டு ஊருக்குள் புழங்குவது முறை. ஞாயிறும் செவ்வாயும் கூட்டம் தாங்காது. நண்பகலில் நடை சாத்தும். மாலையில் போங்கள். கறுப்புக் கயிறு வாங்கினால் அவர் பாதத்தில் வைத்து வாங்குங்கள். ஊரில் எல்லாருக்கும் கொடுக்க மொத்தமாக வாங்குபவர்கள் கடையிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அது வெறும் நூல்தான்.

முதல் நாள்: சூரியன், யோகினியர், பிரமன்

விடியலில் தெற்குக் கோடியான அசி படித்துறையில் தொடங்கி, கங்கையை வலப்புறம் வைத்து வடக்கே நடங்கள். சில நிமிடத்தில் துளசி படித்துறை. மேலே ஏறினால் லோலார்க்க குண்டம். செங்குத்தான படிகள் கிணறுபோல் கீழே இறங்கும் குறுகிய குளம். குற்றம் தேட வந்த சூரியன் காசியைக் கண்டு மனம் லோலித்து, அதாவது தடுமாறி, தங்கிய இடம் இது. சூரியன் இங்கே 12 வடிவமாகத் தங்கினார் என்பார்கள், இதுதான் முதன்மை. பிள்ளை வரம் வேண்டுவோர் ஆவணி, புரட்டாசியில் வரும் லோலார்க்க சஷ்டியில் இங்கே முழுகுவார்கள். அன்று மற்றவர்கள் பக்கத்திலே போக முடியாது.

மேலே நடந்தால் அனுமான் படித்துறை. தமிழ் காதில் விழும். பாரதியார் இளவயதில் தங்கிப் படித்த பகுதி இது. தர்ப்பணத்துக்குத் தமிழ் தெரிந்த புரோகிதரை இங்கேதான் பேசி முடிக்க வேண்டும். அடுத்து அரிச்சந்திர கட்டத்து மயானம் (கட்டம் என்றால் படித்துறை). அதையும் தாண்டினால் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த கேதார கட்டம். இங்கே கொஞ்ச நேரம் உட்காருங்கள். கௌரி கேதாரேசுவரர் வழக்கமான லிங்க வடிவில் இருக்க மாட்டார். பாறைபோல் பரந்து, நடுவே ஒரு கோடு ஓடும். மாந்தாதா முனிவர் தினமும் கிச்சடி சமைத்து, இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைக் கேதாரநாதருக்குப் படைப்பார். ஒரு நாள் அந்தக் கிச்சடியே கல்லாகி இறைவனாயிற்று. பிரித்த கோடுதான் அது. அர்ச்சகரிடம் கேட்டுப் பூவை விலக்கிக் காட்டச் சொன்னால் தெளிவாகத் தெரியும். அருகில் குமரகுருபரர் நிறுவிய மடம். டில்லி பாதுஷாவைச் சிங்கத்தின் மேலேறிப் போய்க் கண்டு இடம் பெற்றார் என்பது அவர் வரலாறு. கேதாரத்துப் பூசையில் தென்னாட்டு முறை இன்றும் தெரிவதற்கு அந்த மடம்தான் காரணம்.

அங்கிருந்து சௌசட்டி கட்டம். சௌசட்டி என்றால் இந்தியில் 64. யோகினியர் தங்கிய இடம். கோயில் படித்துறைக்கு மேலே வீடுகளுக்கு நடுவே இருப்பதால் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். கதையில் யோகினியர் முதலில், சூரியன் அடுத்து. நடையில் மாறி வரும். அதற்காக முன்னும் பின்னும் அலைய வேண்டாம்.

நாள் முடிவது தசாசுவமேதத்தில். பிரமன் கிழ அந்தணராக வந்து, பத்து அசுவமேத யாகத்துக்குப் பொருள் கொடு என்று அரசனைக் கேட்டார். ஏதாவது ஒன்றில் பிழை செய்வான் என்று எதிர்பார்த்தார். திவோதாசன் ஒரு பிடி நெல்கூடக் குறையாமல் கொடுத்தான். பத்து யாகத்தையும் முடித்த பிரமன் அங்கேயே தங்கிவிட்டார். மாலை ஆரத்திக்கு ஒரு மணி நேரம் முன்பே இடம் பிடிக்க வேண்டும். படியிலிருந்து பார்த்தால் ஆரத்தி எடுப்பவர் முதுகுதான் தெரியும்; ஆற்றில் நிற்கும் படகில் உட்கார்ந்தால் முகம் தெரியும்.

காலுக்கு ஒரு சொல். ரங்கூன் ஸ்வேடகோன் பகோடாவில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களுக்குக் கல் புதிதல்ல. ஆனால் கங்கைப் படியின் கடைசி இரண்டு மூன்று படியில் பாசி பிடித்திருக்கும். வெல்வெட் செருப்போடு இறங்காதீர்கள். முழுகும்போது நட்டு வைத்த மூங்கிலையோ சங்கிலியையோ பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள்: திருமாலின் நாள், படகில்

பஞ்ச தீர்த்த யாத்திரை என்பது அசி, தசாசுவமேதம், ஆதிகேசவர், பஞ்சகங்கை, மணிகர்ணிகை என்ற வரிசையில் ஐந்து துறை. காசியில் கங்கை தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. ஆதிகேசவர் வடகோடியில், வருணை நதி கலக்கும் இடத்தில் இருக்கிறார். ஆக, கடைசி வரை கீழே போய், ஆற்றை எதிர்த்துத் திரும்பி வந்து மற்ற இரண்டையும் முடிக்க வேண்டும். படகுக்காரர் போகிற போக்கிலேயே மணிகர்ணிகையையும் பஞ்சகங்கையையும் காட்டிவிட்டு, பாலத்துக்கு முன்பே திருப்பப் பார்ப்பார். ஏறும் முன்பே ஐந்து பெயரையும் வரிசையாகச் சொல்லி, "மாளவியப் பாலம் தாண்டி ஆதிகேசவர் வரை" என்று உறுதி வாங்கி, ஆளுக்கு இவ்வளவா, படகுக்கு இவ்வளவா என்று தெளிவாகப் பேசுங்கள். துடுப்புப் படகில் எதிரோட்டம் மிக மெதுவாகப் போகும். இதற்கு மோட்டார் படகுதான் ஏற்றது. காலை ஆறு மணிக்கு ஏறினால் உச்சிப் பொழுதுக்கு மணிகர்ணிகை வரலாம். அங்கே நண்பகல் நீராடல்தான் விசேஷம்.

ஐந்து துறையிலும் முழுகினால் ஈரத் துணியிலேயே அரை நாள் போகும். குளிரில் காய்ச்சல் நிச்சயம். முதியவர்கள் அசியில் முழுகிவிட்டு, இடையில் மூன்று துறையில் தலையில் நீர் தெளித்துக்கொண்டு, மணிகர்ணிகையில் மறுபடி முழுகினால் போதும். ஆளுக்கு இரண்டு மாற்று உடை, தலைக்கு ஒரு துண்டு எடுத்துப் போங்கள்.

திருமால் காசிக்குள் முதலில் அடி வைத்த இடம் ஆதிகேசவர் துறை. பாதோதக தீர்த்தம் என்று பெயர். நகரத்தின் சத்தம் எட்டாத இடம், கூட்டமும் இராது. பஞ்சகங்கையில் கங்கை, யமுனை, சரசுவதி, கிரணா, தூதபாபா என்று ஐந்து நதி கூடுவதாக ஐதிகம். மேலே பிந்துமாதவர். பழைய பெருங்கோயில் ஔரங்கசீப் காலத்தில் போய்விட்டது. இப்போதுள்ளது பார்வைக்கு வீடு போன்ற கட்டடம், அதனால் கோபுரத்தைத் தேடினால் தவறவிடுவீர்கள். கார்த்திகையில் மூங்கில் உச்சியில் கூடைக்குள் ஆகாச தீபம் தொங்கும்.

மணிகர்ணிகையில் படித்துறைக்கு மேலே உள்ள சிறு குளத்தைப் பாருங்கள். திருமால் சக்கரத்தால் தோண்டி, தவத்தில் வழிந்த வியர்வையால் நிரப்பியது. அதைக் கண்டு வியந்து சிவன் தலையசைக்க, காதணி கழன்று விழுந்தது. பக்கத்தில் சிதைகள் இரவு பகல் எரியும். போட்டோ எடுக்கவே கூடாது. "ஏழைக்கு விறகு தானம்" என்று பணம் கேட்டு ஒட்டிக்கொள்பவர்கள் வருவார்கள். பேச்சே கொடுக்காமல் நடந்துவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. துறையில் அறிமுகமில்லாத ஒருவர் கையில் நீர் வார்த்து மந்திரம் சொல்லி, இடையில் "இத்தனை ஆயிரம் தட்சிணை தருகிறேன்" என்று உங்கள் வாயாலேயே சொல்ல வைப்பார். சங்கல்பத்தில் சொல்லிவிட்டோமே என்ற பயத்தில் கொடுத்துவிடுகிறோம். கையில் நீர் விழும் முன்பே தொகையைப் பேசுங்கள்.

மூன்றாம் நாள்: சிவன் திரும்பினார்

விசுவநாதரை மூன்றாம் நாள் வரை தள்ளுவதா என்று மனம் கேட்கும். கதையில் அவர் வருவது கடைசியில். பயணக் களைப்பும் அதற்குள் தீர்ந்திருக்கும். திங்கட்கிழமையாக அமையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடியுமுன் போங்கள். போன், கைப்பை, பேனா, தோல் பெல்ட் எதுவும் உள்ளே விடமாட்டார்கள். போனை அறையிலேயே விட்டுவிடுவது நல்லது. பாதுகாப்புப் பெட்டி தரும் கடைக்காரர் பூசைக் கூடையை வாங்கச் சொல்வார், விலை கேட்காமல் வாங்கினால் வருத்தம்தான். பாஸ்போர்ட் அசல் இடுப்பில் இருக்கட்டும். போன் இல்லாததால் குழு பிரிந்தால் சேரும் இடத்தை முன்பே பேசி வையுங்கள்.

முதலில் சந்தில் உள்ள துண்டி விநாயகர். துண்டி என்றால் தேடுதல். பிள்ளையார் சோதிடராக வந்து, 18ஆம் நாள் வடக்கிலிருந்து ஓர் அந்தணர் வருவார், அவர் சொற்படி நட என்று அரசனிடம் சொல்லி வைத்தார். வந்தவர் திருமால். லிங்கம் ஒன்று நிறுவு, நீ சிவலோகம் போவாய் என்றார் அவர். அரசன் அப்படியே செய்து போக, சிவன் காசிக்குத் திரும்பினார்.

விசுவநாதர் சந்நிதியில் உங்களுக்குக் கிடைப்பது சில வினாடி. தமிழ்நாட்டுக் கோயில் நினைப்பில் நேரே, கருவறை நடுவே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தரையில், ஒரு மூலையாக, வெள்ளித் தகடு போர்த்த சதுரத் தொட்டிக்குள் இருக்கிறார். உயரம் 60 சென்டிமீட்டர்தான். வாசலுக்கு வருமுன்பே கண்ணைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். இப்போதுள்ள கோயில் 1780இல் அகல்யாபாய் கட்டியது. விமானத்துப் பொன் ரஞ்சித் சிங் கொடுத்தது.

அடுத்து அன்னபூரணி; பிறகு மீர் கட்டத்துச் சந்தில் விசாலாட்சி. தென்னாட்டுக் கோபுரத்தைக் கண்டதும் தெரிந்துவிடும். பர்மா முழுக்க வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் சமூகம் திருப்பணி செய்த கோயில் இது. உள்ளே முன்னால் நிற்கும் அம்மனை மட்டும் கும்பிட்டுத் திரும்பாதீர்கள். பின்னால், சற்று உள்ளடங்கி, பழைய மூலமூர்த்தி இருக்கிறாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அங்கிருந்து சில அடியில் தர்மகூபம் என்ற கிணறு. அந்த வளாகத்திலேயே திவோதாசன் நிறுவிய லிங்கம், திவோதாசேசுவரர். பெரும்பாலான வழிகாட்டிகள் கூட்டிப்போவதில்லை. பெயர் சொல்லிக் கேளுங்கள். கடைசியாகச் சாட்சி விநாயகரிடம் பெயரும் ஊரும் சொல்லிவிட்டு வாருங்கள். ரங்கூன் என்றே சொல்லலாம்.

விடுவதும் கொண்டுவருவதும்

ஒரு காய், ஒரு பழம், ஓர் இலை விடுவதைக் காசியில் விடுவது என்கிறோம். உண்மையில் அதைச் செய்வது கயையில், அட்சய வடத்தின் அடியில். பிடிக்காததை விடுவது விடுவதாகாது. விட்டதைப் பிறகு தொடக் கூடாது என்பதால் கணவனும் மனைவியும் பேசி ஒன்றையே விட்டால் சமையலுக்கு எளிது.

கங்கை நீரைக் காசியில் எடுக்காமல் பிரயாகை திரிவேணியில் எடுப்பது பெரியோர் வழக்கம். பிரயாகை போகாதவர்கள் ஈயம் வைத்து அடைத்த சிறு செம்புச் சொம்பு வாங்குகிறார்கள். வாங்கியதும் வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்து இரவெல்லாம் வையுங்கள். தாள் நனைந்தால் சொம்பை மாற்றுங்கள். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள். பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வையுங்கள். வீடு வந்ததும் பூசையறையில் வைத்து, நல்ல நாள் பார்த்து, கங்கைக்குப் பூசை செய்து, நாலு பேருக்குச் சோறு போடுங்கள். ஒரு சொம்பை மட்டும் அன்று உடைத்து, குடத்து நீரில் கலந்து, வந்த எல்லாருக்கும் ஒரு கை கொடுங்கள். மற்றவற்றை அடைத்தபடியே வைத்திருங்கள். வீட்டில் பெரியவர்களுக்குக் கடைசி நேரத்தில் வாயில் விட அது வேண்டியிருக்கும்.